வேம்புலி ரிவர்ஸ் எடுக்கிறார்

ஐயப்பன்தாங்கலில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவரை யாரும் சிரித்த முகத்தோடு வரவேற்பதில்லை. பன்னிரண்டாயிரம் லிட்டரைச் சுமந்துகொண்டு ஒரு வண்டி சந்துக்குள் நுழைந்தால் பைக்குகளை நகர்த்த வேண்டும், கொடியில் காயும் துணியை எடுக்க வேண்டும், பள்ளிக்கூட வேன் காத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக வேம்புலி இந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டேதான் வண்டி ஓட்டினார்.

செம்பரம்பாக்கத்துக்காரர். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். வயலெல்லாம் மனைகளாகவும் கிடங்குகளாகவும் ஆன காலத்தில் வேம்புலி லாரியில் கிளீனராக ஏறி, மெல்ல ஸ்டியரிங் பக்கம் நகர்ந்தார். மனைவி சாமுண்டீஸ்வரிக்கு அங்கேயே ஒரு கிடங்கில் சாமான்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை.

ஒரே ஒரு விஷயத்தில் வேம்புலிக்குத் தன்மேல் ரகசியமாகக் கொஞ்சம் கர்வம் உண்டு. மற்ற டிரைவர்கள் நான்கு தடவை முன்னும் பின்னும் போய்வரும் சந்தில், அவர் இரண்டு கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்து, ஒரே மூச்சில் வண்டியைப் பின்னால் கொண்டுபோய், தரைக்கடித் தொட்டியான சம்ப்புக்கு நேராக நிறுத்திவிடுவார். அதை யாரும் கவனித்ததில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

கவனித்தது கிருஷ்ணப்பிரியா. அதுவும் கோபத்தில். ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருந்தவர். பள்ளியில் கணக்கு டீச்சர். புதுக் கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு புதன்கிழமை காலை அந்தக் கார் கேட்டுக்கு வெளியே நின்றிருக்க, வேம்புலியின் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கார் நசுங்கினால் சாட்சி வேண்டுமே என்று பால்கனியில் நின்று போனில் பிடித்தார். "இடிக்கப் போறான், இடிக்கப் போறான்" என்று அவர் குரல் அதில் பதிவாகியிருக்கிறது. காருக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு தோசைக்கரண்டி நுழையும் இடம்தான். லாரி அந்த இடைவெளி குறையாமல், கூடாமல், வழுக்கிக்கொண்டு போய் நின்றது. "இடிக்கல" என்று குரல் ஏமாந்த மாதிரி முடிகிறது. மொத்தம் நாற்பத்தெட்டு விநாடி. சும்மா வேடிக்கைக்காக அதை இணையத்தில் போட்டார்.

அடுத்த முறை வேம்புலி தண்ணீர் கொண்டுவந்தபோது அவர் கீழே இறங்கி வந்தார்.

"டிரைவர், ஒரு நிமிஷம்."

"மேடம், உங்க கார நான் தொடவே இல்ல. வேணும்னா சுத்திப் பாத்துக்கோங்க."

"தெரியும். நாலு லட்சம் பேர் பார்த்துட்டாங்க" என்று போனை நீட்டினார் கிருஷ்ணப்பிரியா.

வேம்புலி பார்த்தார். தான் ஓட்டும்போது தன் வண்டியை வெளியிலிருந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "இதுல இன்னா மேடம் கீது? டெய்லி பண்றது தானே."

"உங்களுக்கு டெய்லி. எனக்கு இந்தக் காரை வெளியே எடுக்கவே பயமா இருக்கு. எப்படிப் பண்றீங்கன்னு கேட்டு எத்தனை பேர் எழுதியிருக்காங்க பாருங்க. நீங்களே வீடியோ எடுத்துப் போடுங்கண்ணா. சேனல் நான் ஆரம்பிச்சுத் தரேன். உங்களை அவன் இவன்னு சொன்னதுக்கு நான் ஏதாவது செய்யணுமில்ல?"

அப்படித்தான் 'வேம்புலி ரிவர்ஸ்' பிறந்தது. படம் பிடிக்கும் வேலை சாமுண்டீஸ்வரிக்கு. தன் லீவு நாள்களில் லாரியில் ஏறி வந்து, சந்தில் இறங்கி, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சைகை காட்டுவார். "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, இப்ப நேரா, போதும்." அந்தக் குரலுக்கே தனியாக ஒரு கூட்டம் சேர்ந்தது. துபாயில் டிரெய்லர் ஓட்டும் ஒருவர், அக்கா குரலைக் கேட்டால் ஊரில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார். சாமுண்டீஸ்வரி அதைக் கிடங்கில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு, அன்று முழுக்க யாரிடமும் கோபப்படவில்லை.

வேம்புலி பெரிதாகப் பேசத் தெரியாதவர். ஆனால் ஸ்டியரிங்கைப் பற்றி என்றால் வார்த்தை தானாக வந்தது. "பின்னாடி போறப்ப அவசரப்படாத. வண்டிக்குப் பின்னாடி கண்ணு இல்ல, ஒனக்குத்தான் கீது. ஒரு கண்ணாடியையே பாத்துகினு கெடக்காத, ரெண்டையும் பாரு. டவுட்டு வந்தா நிறுத்து. எறங்கிப் போய்ப் பாரு. அதுல இன்னா வெக்கம்?" இவ்வளவுதான் அவர் பாடம்.

ஐந்தாவது மாதம் வங்கியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. சேனலுக்கு வந்த விளம்பரக் காசு, பதினோராயிரத்துச் சொச்சம். சாமுண்டீஸ்வரி இரண்டு தடவை படித்தார்.

"யோவ், பின்னாடி போறதுக்கா இவ்ளோ குடுக்கறானுங்க?"

"முன்னாடி போறதுக்குத்தான் குடுக்க மாட்டேன்றாங்க" என்றார் வேம்புலி. இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு லாரி முதலாளி தமிழ்வாணன் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு வேம்புலி போய் நின்றார்.

"வண்டி என்னுது வேம்புலி. ஊரெல்லாம் உன் பேரச் சொல்லிகினு கீறாங்க."

"நிறுத்திடறேன் அண்ணாத்தே."

"யாரு நிறுத்தச் சொன்னது? டேங்க் மேல என் போன் நம்பர் கீது. அடுத்த வீடியோல அது நல்லாத் தெரியற மாரி எடுக்கச் சொல்லு சாமுண்டிய." அதோடு விடவில்லை, மறுமாதமே சம்பளத்தையும் கூட்டிக் கொடுத்தார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு தூண் விழுந்தது. குமணன்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுச் சந்து. புதுச் சட்டை, கேமராவுக்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில் வண்டி ஒரு விநாடி கூடுதலாகப் பின்னால் போய்விட்டது. "போதும், போதும், யோவ் போதும்னு சொல்றேன்ல" என்று சாமுண்டீஸ்வரி கத்துவதற்கும், கேட் தூண் சாய்வதற்கும் சரியாக இருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் வேம்புலியின் முகம் செத்துவிட்டது. வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, செலவு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"அத அழிச்சிடு சாமுண்டி. சேனலும் வேணா, ஒண்ணும் வேணா."

"அழிக்க மாட்டேன். இதத்தான் போடணும்" என்றார் சாமுண்டீஸ்வரி. "வண்டிய இடிச்சிட்டு, பயந்துகினு ஊட்ல ஒக்காந்திருக்கறவங்க எத்தினி பேரு கீறாங்க தெரியுமா? நீயே இடிச்சிட்டனு தெரிஞ்சா அவங்கல்லாம் திரும்ப சாவிய எடுப்பாங்க."

போட்டார்கள். கூடவே, ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரோடு சேர்ந்து வேம்புலியே செங்கல் எடுத்துக்கொடுத்து அந்தத் தூணை எழுப்பியதையும் போட்டார்கள். கேலி செய்தவர்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் அதுவரை வந்த எல்லா வீடியோக்களையும் அது தாண்டிப் போனது. ஆவடியிலிருந்து ஒரு நர்ஸ் எழுதினார்: "ஆறு வருஷத்துக்கு முன்னால ஒரு ஆட்டோவை இடிச்சேன். அதுக்கப்புறம் ஸ்கூட்டியைக்கூடத் தொடலை. இன்னைக்குத் தொட்டேன்."

வேம்புலி அதைப் படித்தார். பிறகு எழுந்து போய், தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டார்.

இப்போது ஞாயிறு காலைகளில் செம்பரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி மைதானத்தில் பழைய பெயின்ட் டப்பாக்களை வரிசையாக அடுக்கிவைத்து, ஏற்கெனவே லைசென்ஸ் எடுத்துவிட்டுப் பயத்தில் வண்டியைத் தொடாமல் இருப்பவர்களுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை, வீடியோவில் வரும் பணமே போதும் என்கிறார். முதல் நாளே வந்தவர் கிருஷ்ணப்பிரியா. ஏழு டப்பாக்களை நசுக்கினார். எட்டாவதைத் தொடாமல் நிறுத்தியபோது மைதானமே கைதட்டியது.

போன மாதம் ஒரு வேலைநாள். குமணன்சாவடி சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கையை நீட்டி லாரியை ஓரங்கட்டச் சொன்னார். வேம்புலி காகிதங்களைத் தேடி எடுப்பதற்குள் காவலர் ஏறி வந்து ஜன்னலில் தலையை நீட்டினார்.

"நீங்க அந்த ரிவர்ஸ்காரர் தானே? கொஞ்சம் எறங்குங்க."

வழி தவறிய நீளமான கன்டெய்னர் வண்டி ஒன்று குறுகலான தெருவுக்குள் நுழைந்து, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் மாட்டிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் நிறுத்திவைக்கப்பட்ட பஸ்களின் ஹாரன். டிரைவர் வடக்கத்தி ஆள், வியர்வையில் குளித்திருந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. வேம்புலி முதலில் அவருக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு பின்னால் போய், கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்று, இரண்டு கைகளால் பேசத் தொடங்கினார். இடது கை விரிந்தால் அந்தப் பக்கம். உள்ளங்கை நிமிர்ந்தால் நில். அரை அடி, கால் அடி, ஒரு ஜாண். இருபத்தைந்து நிமிஷத்தில் அத்தனை நீள வண்டியும் ஒரு சுவரையும் உரசாமல் நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்தது. டிரைவர் குதித்திறங்கி ஓடிவந்து வேம்புலியைக் கட்டிக்கொண்டார். சுற்றி நின்ற அறுபது எழுபது போன்களும் அதைப் பிடித்தன.

அன்று தண்ணீர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் தாமதம். எப்போதும் கடுகடுக்கும் குடியிருப்புச் செயலாளர் அன்று தானே வந்து கேட்டைத் திறந்துவிட்டார். அவர் போனிலும் அந்த வீடியோ வந்துவிட்டிருந்தது. "டீ சாப்பிடறீங்களா வேம்புலி சார்?" என்றார். சார் என்று யாரும் கூப்பிட்டுப் பழக்கமில்லாததால், வேறு யாரையோ கேட்கிறார் என்று வேம்புலி ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

சம்ப்பில் குழாயை இறக்கிவிட்டு டீயைக் கையில் வாங்கும்போது சாமுண்டீஸ்வரி கூப்பிட்டார். கிடங்கில் சாப்பாட்டு நேரம்.

"பாத்தேன். நல்லாத்தான் எடுத்து வுட்டிருக்க."

"அவ்ளோ தானா?"

"ஆனா அத ஷூட் பண்ணவனுக்கு ஒண்ணுமே தெரியல. ஒன் மூஞ்சியவே புடிச்சிகினு கீறான். டயரு எங்க திரும்புதுனு யாராவது கத்துக்க வேணாமா?"

வேம்புலிக்குச் சிரிப்பில் டீ சிந்தியது.