கூட்டு ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்

காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருக்கும். அக்கா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததும் பச்சைச் சால்வை முனையால் கண்ணாடியில் ஒரு வட்டம் துடைப்பார். அந்த வட்டத்துக்குள் கோஸ் வயலும் ராகிக் கொல்லையும் நகர்ந்து போகும். பங்குனியிலும் ஸ்வெட்டர் போடாமல் வேலைக்குப் போக முடியாத காலம் அது. மதுரைப் பக்க வெயிலில் வளர்ந்த எனக்கு ஓசூர்ப் பக்கத்தின் அந்தக் குளிர் பெரிய அதிசயம்.

என் கணவருக்குத் தளியில் ரோஜாப் பண்ணையில் வேலை. எனக்கு மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒயர் சோதிக்கும் வேலை. நாங்கள் அக்கா என்று கூப்பிட்ட அவர் அங்கே பேக்கிங் பிரிவில் இருந்தார். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், டிரைவரிடம் தெலுங்கு. கணவரோ மாமியாரோ இல்லாமல் தனக்கென்று இருக்கும் நேரம் இந்தப் பஸ் பயணம் மட்டும்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தப் பஸ்ஸில் நாங்கள் நாற்பது பேருக்கு மேல் போனோம்.

முதலில் பையன்கள் பைக் வாங்கினார்கள். பிறகு பெண்கள் ஸ்கூட்டர். மகள் பிறந்து வளர்ந்த பின் நானும் கார் வாங்கினேன். அக்காவிடம் சொன்னபோது, "எத்தன சீட்டு கண்ணு?" என்று கேட்டார்.

"அஞ்சுக்கா."

"அஞ்சுலயும் நீயே உக்காருவியா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த வருடம் பஸ்ஸில் பதினொரு பேர்தான் மிஞ்சினார்கள். கம்பெனி அந்த வழித்தடத்தை நிறுத்திவிட்டது. அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வாங்க வசதியும் இல்லை. ஷிப்ட் மூன்று மணிக்கு முடியும். அந்த நேரத்தில் அவர் ஊர் வழியாகப் போகும் பஸ் கிடையாது. கிடைத்த பஸ்ஸில் கூட்டு ரோடு வரை வந்து, மீதி மூன்று கிலோமீட்டரை நடந்தார். இத்தனை வண்டிகளுக்கும் இடம் வேண்டுமென்று ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்கள் போய்விட்டன.

முதல் இரண்டு வாரம் நான்தான் அவரைக் காரில் கூட்டிப்போனேன். பிறகு ஓசூரில் மகளுக்கு டான்ஸ் கிளாஸ் வந்தது. "எனக்காக நிக்காதீங்கக்கா, லேட்டாகும்" என்றேன். "பரவால்ல கண்ணு, நடந்தா ஒடம்புக்கு நல்லது" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் என்னிடம் கேட்கவில்லை.

அந்தச் சித்திரையில் ஓசூர் எங்களுக்குத் தெரிந்த ஓசூராக இல்லை. வீட்டில் ஃபேனே இல்லாதவர்கள்கூட ஏசி விலை விசாரித்தார்கள். ஒரு நாள் மகளுக்குக் கிளாஸ் இல்லை. வேலை முடிந்து நான் மட்டும் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். வெளி வெப்பம் முப்பத்தெட்டு என்று கார் காட்டியது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கூட்டு ரோடு தாண்டியதும் தூரத்தில் அந்தப் பச்சைச் சால்வை தெரிந்தது. தலையில் முக்காடாகப் போட்டிருந்தார். கால் பிரேக்குக்குப் போனது. இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கும் நிறுத்த வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் ஒன்று ஓடியது. காலை எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு அவர் வீடு போய்ச் சேரவில்லை. ரோட்டோரத்தில் விழுந்து கிடந்தவரைப் பால் வண்டிக்காரர் பார்த்துத் தூக்கிப்போயிருக்கிறார். வெயில் தாக்கி, சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்றார்கள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

அவரைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக, பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லி ஒரு மனு எழுதினேன். முப்பது பேர் வருவதாகக் கையெழுத்துப் போட்டால் விடலாம் என்றது கம்பெனி. ஒவ்வொருவரிடமும் போய் நின்றேன். ஒருத்திக்குப் பள்ளிக்கூடத்தில் குழந்தை; ஒருவருக்குப் படுத்த படுக்கையாக அம்மா; இன்னொருவருக்கு அப்போதுதான் வாங்கிய புது பைக். யாரும் கெட்டவர்கள் இல்லை. என்னிடம் இருந்த மாதிரியே ஒரு காரணம் எல்லோரிடமும் இருந்தது. நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணத்தோடு ஆளுக்கொரு புகையை விட்டுக்கொண்டு அதே ரோட்டில்தான் போய்க்கொண்டிருந்தோம். ஒன்பது கையெழுத்துதான் கிடைத்தது.

அதற்கும் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகம் வீங்கி, கண்கள் சிறுத்துக் கிடந்தார். பஸ் வராது என்று சொன்னேன்.

"போனா போகுது வுடு," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு உன் கார் போச்சு கண்ணு. கண்ணாடி ஏத்தி வெச்சிருந்தே. ரெண்டு வாட்டி கூப்ட்டேன். உனக்குக் கேட்டிருக்காது."

"கேக்கலக்கா," என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன். கேட்டிருந்தா நின்னிருப்பே." அருகில் நின்ற தன் கணவரிடம் கன்னடத்தில் அதையே சொன்னார். அவரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் பார்த்துவிட்டு வந்த நான்காம் நாள் அக்கா இறந்துபோனார்.

நான் சொன்னது பொய்யில்லை. அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லைதான். பார்த்தாயா என்று மட்டும் அவர் கேட்கவில்லை.