மரவில்லோடு போன லீவு

வேலை ஜெபல் அலியில், வீடு ஷார்ஜாவில். சனிக்கிழமை காலைகளில் மட்டும் வில்வித்தை கிளப்புக்குப் போய், ரப்பர் மான்களை நோக்கி அம்பு விடுவேன். அமீரகத்தில் வேட்டைக்குத் தடை. உயிருள்ள மான் வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவில் அனுமதியுள்ள பண்ணை எதற்காவது போக வேண்டும். அதற்காகவே லீவைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் இருந்தது காம்பவுண்ட் வில். நாணை இழுத்துவிட்டால் பாரத்தைக் கப்பிகள் தாங்கிக்கொள்ளும். குறிபார்க்கும் புள்ளியை இலக்கில் பொருத்தி விசையைத் தட்டினால் தூரத்திலும் குறி தப்பாது. ஒருநாள் கிளப்பிலிருந்த பாகிஸ்தானி நண்பர் தன் மரவில்லைக் கொடுத்தார். முழுப் பாரமும் விரல்களில் இறங்கியது. அம்பு எங்கோ மணலில் போய்க் குத்தியது. ஆனாலும் அன்று முழுக்க அந்த நாண் என் விரல்களிலேயே இருந்தது. காம்பவுண்டை விற்றுவிட்டு எனக்கும் ஒரு மரவில் வாங்கினேன்.

"பாய், இதுக்கு ரொம்ப பக்கத்துல போகணும்" என்று நண்பர் உருதுவில் எச்சரித்தார்.

வீட்டில் சொன்னபோது, "பக்கத்துல போயிட்டா உங்களால முடியாதுங்க" என்றாள் மனைவி.

மேலும் இரண்டு வருடம் பழகிய பிறகுதான் கிளம்பினேன். பண்ணையில் தினமும் மான்கள் தூரத்திலேயே என்னைக் கண்டுகொண்டு ஓடின. காம்பவுண்ட் இருந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும் என்று கூட வந்த பண்ணை வழிகாட்டி சலித்துக்கொண்டார். கடைசி நாள் காலை, காற்றுக்கு எதிராக முட்புதர்களுக்குள் தவழ்ந்து போனேன். குட்டையில் ஓர் இம்பாலா மான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அது உறிஞ்சும் சத்தமும் மூச்சும் கேட்டன. அதன் காதோரம் ஓர் உண்ணி ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது.

மெதுவாக எழுந்து நாணை இழுத்தேன். மான் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது. அப்படியே நின்றோம். நாணைத் தளர்த்தி வில்லை இறக்கினேன். மான் அவசரமில்லாமல் புதருக்குள் போய்விட்டது.

"ஏன் விடவில்லை?" என்று வழிகாட்டி கேட்டார். நான் அம்பைத் தூணியில் செருகினேன்.

வீடு திரும்பியதும் மனைவி, "அடிச்சீங்களா?" என்றாள்.

"இல்ல."

அவள் டீ போட்டுத் தந்தாள்.

சனிக்கிழமைகளில் இப்போதும் கிளப்புக்குப் போகிறேன். ரப்பர் மான்கள் மூச்சு விடுவதில்லை. மறுபடி லீவு கேட்டிருக்கிறேன்; மேனேஜர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார். அத்தனை பக்கத்தில் இன்னொரு முறை போய்விட வேண்டும். போனால் அம்பு விடுவேனா என்று கேட்டால், தெரியாது.