வோய்தா சகோதரர்களின் அக்கா

டெட்ராய்ட்டின் போலிஷ் பேட்டையில் வோய்தா சகோதரர்கள் வருகிறார்கள் என்றால் கதவைச் சாத்திக்கொள்பவர்களும் இருந்தார்கள், தொப்பியைக் கழற்றிச் சிரிப்பவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய அக்கா சலோமியாவைக் கண்டு யாரும் பயந்ததில்லை. சுருட்டுத் தொழிற்சாலையில் இலை சுற்றுகிறவள். அப்பா இரும்பு வார்ப்படச் சாலையில் செத்து, அடுத்த குளிர்காலத்தில் அம்மாவும் காய்ச்சலில் போய்விட, தம்பிகள் கிளெமென்ஸையும் தெயோஃபிலையும் வளர்க்கும் பொறுப்பு சின்ன வயதிலேயே அவள் தலையில் விழுந்தது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "பசங்க தலையெடுக்கட்டும்" என்று தள்ளிப்போட்டாள்.

தலையெடுத்தார்கள்தான். மதுவிலக்கு வந்தபின் ஆற்றின் அக்கரையில், கனடாவில், விஸ்கி தாராளமாகக் கிடைத்தது. இக்கரையில் தொண்டைகள் காய்ந்து கிடந்தன. ஆறு உறைந்ததும் அண்ணனும் தம்பியும் பழைய காரின் கதவுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனிக்கட்டியின் மேலேயே ஓட்டிப் போவார்கள். பனி விரிசல் விட்டால் குதித்துத் தப்ப வேண்டுமே, அதற்காக. சீக்கிரமே அவர்களுக்குக் கீழே ஆட்கள் வந்தார்கள், துப்பாக்கிகள் வந்தன. கிளெமென்ஸ் அக்காவுக்குப் பட்டுக் காலுறை வாங்கி வந்தான். அவள் அதைத் தொடவில்லை.

"கன்னியாஸ்திரீகிட்ட குடுத்தாகூட வாங்கிப் போட்டுக்குவாங்க. உனக்கென்ன கேடு?"

"அவங்களுக்கு உன்னை மாதிரி தம்பி இல்லையே. தைரியமாப் போட்டுக்கலாம்."

தெயோஃபில் விழுந்து விழுந்து சிரித்தான். கிளெமென்ஸும் சிரித்தான். அந்த வீட்டில் அப்போதும் சிரிப்பு இருந்தது.

மளிகைக்கடை ஹடாலா கடையின் பின்கட்டில் இவர்களுடைய விஸ்கியைத்தான் விற்றுவந்தான். பிறகு வேறொரு கூட்டத்திடம் வாங்க ஆரம்பித்தான். மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம், கல்லாவின் பின்னால் நின்றவனை யாரோ சுட்டுப்போட்டார்கள். சற்று நேரத்தில் கிளெமென்ஸ் வீட்டுக்கு வந்தான். கையைக் கழுவிக்கொண்டு பீட்ரூட் சூப் கேட்டான். இரண்டாம் தடவையும் ஊற்றச் சொன்னான்.

"ஹடாலா இனிமே யார்கிட்டயும் வாங்க மாட்டான்" என்றான் தம்பியிடம். சலோமியாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

போலீஸ் பிடித்தது ஷூரெக்கை. வண்டியில் நிலக்கரி கொண்டுபோய்ப் போடுகிறவன், குழந்தை குட்டிக்காரன். கொலைக்கு முந்தின நாள் ஹடாலாவின் கடைவாசலில் எடைத் தகராறில், "உன்னை ஒழிச்சுக் கட்டாம விடமாட்டேண்டா" என்று தெருவே கேட்கும்படி அவன் கத்தியிருந்தான்.

"நீயே போய்ச் சொல்லிடு" என்றாள் சலோமியா. "இல்லேன்னா நான் போவேன்."

"நீயா?" கிளெமென்ஸ் சிரித்தான். "என் தொண்டையில மீன்முள்ளு சிக்கினதுக்கே ஊரைக் கூட்டி அழுதவ நீ."

தெயோஃபில் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "வேணாங்க்கா. நமக்கு யாரு இருக்கா? நம்ம மூணு பேருதானே?"

அவள் அன்றைக்குப் போகவில்லை. வாரம் ஒன்று போனபின், ஷூரெக்கின் பெண்டாட்டி கர்ப்பிணி வயிற்றோடு நிலக்கரி வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போவதைத் தெருமுனையில் பார்த்தாள். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. சலோமியாவும் சேர்ந்து தள்ளினாள். பிறகு வீட்டுக்குத் திரும்பாமல், அந்தக் கரிக் கையோடு நேரே காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

வழக்கில் தெயோஃபில், அண்ணன் அந்த மத்தியானம் முழுக்க வீட்டில்தான் இருந்தான் என்று சத்தியம் செய்தான். அடுத்து சலோமியாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

"குற்றவாளிக் கூண்டில இருக்கறது உங்க தம்பிதானே?" என்றார் வக்கீல்.

"ஆமா. நான் வளத்த புள்ளை."

அதன்பின் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கிளெமென்ஸ் தலையை நிமிர்த்தவே இல்லை. மிச்சிகனில் தூக்கு கிடையாது, ஆயுள் தண்டனை.

தெயோஃபில் அன்றே பெட்டியைக் கட்டினான். வாசலில் நின்று திரும்பினான். "அக்காவைத் தொட்டா தொலைச்சுடுவேன்னு நம்ம ஆளுங்களுக்கு அண்ணன் உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினான். இல்லேன்னா நீ கோர்ட்டு வாசப்படி ஏறியிருக்க மாட்டே. தெரிஞ்சுக்கோ." அவன் சிகாகோவுக்குப் போனதாகச் சொன்னார்கள்.

தொழிற்சாலையில் பெண்கள் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். "கூடப் பொறந்தவனையே காட்டிக்குடுத்தவ. நம்மள விட்டுவெப்பாளா?" என்று அவள் காதுபடவே பேசினார்கள். விடுதலையான ஷூரெக்கும் அவளைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவான். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை போலும்.

மாதம் ஒரு ஞாயிறு அவள் ரயிலேறி ஜாக்சன் சிறைக்குப் போனாள். கிளெமென்ஸ் அவளைப் பார்க்க மறுத்துவிடுவான். கொண்டுபோன கசகசா ரொட்டியைக் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். இப்படியே வருஷக்கணக்கில். ஒரு ஞாயிறு அவனே வந்து கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்தான். ஆள் பாதியாகியிருந்தான், இருமினான்.

"ஏன் வந்துகிட்டே இருக்கே?"

"வேற யாருடா வருவா உனக்கு?"

அவன் கம்பிவலையை விரலால் சுரண்டினான். "ரொட்டியில சர்க்கரை கொறைச்சலா இருக்கு" என்றான் கடைசியில். அடுத்த மாதம் அவள் கூடுதலாகப் போட்டாள்.

அந்த இருமலே அவனைக் கொண்டுபோயிற்று. உடலை வாங்கிவந்து அம்மாவின் பக்கத்தில் குழி வெட்டச் சொன்னாள். கல்லறைத் தோட்டத்துக்கு அவனுடைய பழைய ஆட்களில் ஒருவன்கூட வரவில்லை. பாதிரியாரும் குழி வெட்டுகிறவர்களும் சலோமியாவும் மட்டும் நின்றார்கள். அப்போது ஷூரெக் வளர்ந்த மகன்களோடு உள்ளே வந்தான். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான்.

"தூக்க ஆள் வேணுமில்லே" என்றான்.

"இவனாலதானே நீங்க..." என்றாள் அவள்.

"தெரியும்மா" என்றான் அவன். மகன்களைப் பார்த்து, "புடிங்கடா, மெதுவா" என்றான்.

சலோமியா அதன்பின் பல வருஷம் இருந்தாள். தெயோஃபிலைப் பற்றி ஒரு தகவலும் கடைசிவரை வரவில்லை. மறுபடி அப்படியொரு நிலை வந்தால் சொல்லுவாயா என்று எப்போதாவது யாராவது கேட்டுவிடுவார்கள். "சொல்லுவேன்" என்பாள். அன்று முழுக்க அப்புறம் யாரோடும் பேசமாட்டாள்.