கிழங்கோடு பிடித்த வண்டி

"சார், கரியாலூர் கோவிந்தன் வண்டியத் தூக்கிட்டோம். மூணு டியூ பாக்கி. உளுந்தூர்பேட்டை யார்டுல நிக்குது."

போனில் பேசியவர் ஒரு வாகன ஃபைனான்ஸ் கம்பெனியின் கள்ளக்குறிச்சி கிளை மேனேஜர். நான் அந்தக் கம்பெனியின் வழக்குகளைப் பார்க்கும் பேனல் வக்கீல். அதற்கு முன் நாளிதழ் நிருபர். எதையும் நேரில் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். கடன் கொடுக்கும் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது.

"நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"போன்ல சொன்னோம் சார். மலையில சிக்னல் கெடைக்கல."

"அப்ப யாருகிட்ட சொன்னீங்க?"

"இன்னொரு சின்ன விஷயம் சார். வண்டியில கெழங்கு இருக்குது."

சின்ன விஷயம் என்பது ஒரு பிக்கப் நிறைய மரவள்ளிக்கிழங்கு. பிடுங்கிய கிழங்கு உடனே ஜவ்வரிசி மில்லுக்குப் போக வேண்டும். தாமதித்தால் மாவுச்சத்து குறையும், விலை இறங்கும், பிறகு நாறும். வண்டியைத் தூக்கியது முந்தாநாள். நான் போனபோது, பிடித்த வண்டிகளை நிறுத்திவைக்கும் அந்த யார்டு நாறத் தொடங்கியிருந்தது.

கேட்டில் கோவிந்தனோடு, மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கிழங்கு அவர்களுடையது. கோவிந்தன் வாடகைக்கு ஏற்றி வந்தவர் மட்டுமே. அவர்களில் பொன்னம்மா என்பவர், எனக்கு முன்பே வந்திருந்த மேனேஜரைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க இன்னா உங்கிட்ட கடனா வாங்கினோம்? அவன் வண்டிய நீயே வச்சிக்கினு கும்புடு. எங்க கெழங்கக் குடு."

"இன்னாக்கா, எனக்குன்னு ரெண்டு வார்த்த பேசக் கூடாதா?" என்றார் கோவிந்தன். வண்டி போனால் அவர் மறுபடி கேரளாவுக்குக் கூலிக்குப் போக வேண்டும்.

"நீ ஒழுங்கா டியூ கட்டிக்கினு இருந்தா நான் ஏன்டா இங்க வந்து நிக்கப்போறேன்?"

மேனேஜரைத் தனியே அழைத்துச் சொன்னேன்: வண்டிமேல்தான் நமக்கு உரிமை, கிழங்குமேல் இல்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி எழுத்தில் நோட்டீஸ் தராமல் வண்டியைத் தூக்கியதும் தப்பு. கோவிந்தன் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் நான் எழுந்து நின்று சொல்ல ஒன்றுமில்லை. விட்டுவிடுங்கள்.

"வண்டிய வுட்டா ஹெட் ஆபீஸ்ல என்னத் தூக்கிருவாங்க சார். கெழங்க மட்டும் வேற வண்டியில ஏத்தி அனுப்பிரலாம்."

ஹைவேயில் சும்மா நின்ற வாடகை வண்டிக்காரர்களைக் கூப்பிட்டார். எந்த யார்டு என்று தெரிந்ததும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. ஒருவர் மட்டும் மனம்விட்டுப் பேசினார்.

"என்னுதும் உங்க ஃபைனான்ஸ்தான் சார். ரெண்டு டியூ நிக்குது. உள்ள வந்தா வெளிய வுடுவீங்களா?"

"சத்தியமா வுடுவேன்பா."

"அத எழுதிக் குடுங்க சார்."

மேனேஜர் எழுதித் தரவில்லை. மதியம், மூக்கில் துண்டோடு வந்த யார்டுக்காரர், "கெழங்கு போவணும், இல்ல நீங்க போவணும்" என்றார். ஊரில் அந்தக் கிழங்கை ஏற்றத் தயாராக இருந்தது ஒரே வண்டி. அதன் சாவியை மேனேஜர் கோவிந்தனிடம் நீட்டினார். பொன்னம்மா முதலில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

மில்லில் குறைந்த விலையைக் கம்பெனி ஈடுகட்டியது. அதன் பிறகு முறையான நோட்டீஸை நானே எழுதி அனுப்பினேன். கோவிந்தன் வாடகை ஓட்டி, கெடுவுக்குள் பாக்கியைக் கட்டினார்.

இந்தத் துறைக்கு வரும் இளம் வக்கீல்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டியைப் பிடிக்கலாமா என்று கம்பெனி கேட்டால், விதிகளைப் புரட்டும் முன் வண்டியில் என்ன இருக்கிறது, அது யாருடையது என்று கேளுங்கள். பிடித்துவிட்டு வந்து கேட்டால், ஃபீஸை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.