இரண்டு பேருக்கு ஒரு ரப்பர் உடுப்பு

திருவட்டாறு பக்கம் ஒரு மீன் பண்ணையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஐந்து குளங்கள். வேலைக்கு நாலு பேர்: ஆண்கள் இருவர், நான், தேங்காப்பட்டணத்திலிருந்து வரும் ஓர் அக்கா. அவருக்கு என்னைவிட எட்டு வயது கூடுதல். சேர்ந்த முதல் நாளே என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

வலை இழுக்கவும் குஞ்சுகளைத் தரம் பிரிக்கவும் தண்ணீருக்குள் இறங்கியாக வேண்டும். ஆண்கள் தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள், ஏறிப் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுவார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. இடுப்புக்குக் கீழே நனைந்த சுடிதாரோடு சாயங்காலம் வரை நிற்க வேண்டும். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டோம், சீட்டு நனையும். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருடம் முழுவதும் ஆறாது.

முதலாளி கல்ஃபில் இருந்து வந்தவர். ஒருநாள் பெட்டியில் ஒரு ரப்பர் உடுப்பு வாங்கி வந்தார். நெஞ்சுவரை ஏறும். கீழே பூட்ஸ் அதோடே ஒட்டியிருக்கும், மேலே தோளில் மாட்ட இரண்டு வார். வேடர்ஸ் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஆண்களுக்காகத்தான் வாங்கினார். அவர்களில் ஒருவர் ஒரு மணிநேரம் போட்டுப் பார்த்துவிட்டு வியர்வையில் குளித்து வெளியே வந்தார்.

“இதுக்குள்ள நிக்கதுக்கு அடுப்பில ஏறி இருக்கலாம்” என்று கழற்றி எறிந்தார்.

அக்கா அதைக் கையில் எடுத்துத் தட்டினார். “நமக்கு ஆவும்டி.”

அன்று முதல் அது எங்களுடையது. பூட்ஸ் ஆண்கள் அளவு. முனையில் பழந்துணி திணித்துக்கொண்டோம். ஒருநாள் அவர் தண்ணீரில், நான் கரையில். மறுநாள் மாற்றி. முதல்முறை அதைப் போட்டு வேலை முடித்துக் கழற்றியபோது சுடிதார் காய்ந்தே இருந்தது. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு போனேன்.

அக்கா அதைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவுவோம். உள்ளே வியர்வை ஈரம் நிற்காமல் முடிந்தவரை வெளியே புரட்டி, தீவனக் கொட்டகை உத்தரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவோம். காய்ந்தபிறகு உள்ளே குட்டிக்குரா பவுடரோ எதுவோ, கிடைத்த பவுடரைத் தூவுவார். “மடிக்கப்பிடாது. வெயில் காட்டப்பிடாது. கேக்கியா?” என்று தினமும் சொல்வார்.

நான் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், அக்கா லீவில் இருந்தார். மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்தது. அவசரத்தில் உடுப்பைக் கழற்றி மோட்டார் அறையின் தகரக் கூரைமேல் இரண்டாக மடித்துப் போட்டுவிட்டு ஓடினேன். ஞாயிறு முழுதும் அது அங்கேயே கிடந்து வெந்திருக்கிறது. திங்கள் காலை அக்கா வருவதற்கு முன்னால் போய் எடுத்தேன். மடிப்பு விழுந்த இடம் அப்பளம்போல் விறைத்திருந்தது. சத்தம் காட்டாமல் உத்தரத்தில் தொங்கவிட்டேன்.

அன்று இறங்கியது அக்கா. இடுப்பளவு போனதும் கத்தினார்.

“ஏட்டி, வெள்ளம் கேறுது!”

இடது காலில் தண்ணீர் நிறைந்து அவரால் அடி எடுத்து வைக்க முடியவில்லை. ஆண்கள் இருவரும் பிடித்து இழுத்துக் கரையேற்றினார்கள். தலைகீழாகக் கவிழ்த்தபோது ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது. அக்கா காலைத் துவட்டிக்கொண்டே சொன்னார், “நண்டு கடிச்சிருக்கும்.”

“இருக்கும் அக்கா” என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

ஓட்டை கண்டுபிடிக்கத் தீவனக் கொட்டகைக் கதவைச் சாத்தி இருட்டாக்கினோம். செல்போன் விளக்கை உடுப்புக்குள் விட்டு நான் நகர்த்த, அக்கா வெளியே இருந்து பார்த்தார். மூன்று இடத்தில் ஊசிமுனை வெளிச்சம். கால் பிரியும் இடத்துத் தையலில் மயிரிழைபோல் ஒரு கோடு. அக்கா பால்பாயிண்ட் பேனாவால் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டார்.

மறுநாள் அதைத் மடிப்பு விழாமல் சுருட்டித் துணிப்பையில் வைத்து, மார்த்தாண்டத்தில் ஒரு பஞ்சர் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் விரித்துப் பார்த்து முழித்தார்.

“இது எந்த வண்டிக்க டியூபு?”

“ரெண்டு கால் ஒள்ள வண்டி” என்றார் அக்கா. ரோடு பக்கம் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கடைக்காரர் மூன்று ஊசி ஓட்டைகளையும் தேய்த்து ஒட்டிக் கொடுத்தார். தையலைத் தடவிப் பார்த்து, தன்னால் ஆகாது என்று கையை உதறினார். “இது தானா போனதில்ல. மடிச்சு வெயிலில போட்டிருக்கிய.”

“நாங்க ரெண்டு பேரும் வெயிலில போடமாட்டோம். அப்பிடிப் பாத்து வச்சிருக்க சாதனம்” என்று அக்கா விட்டுக்கொடுக்காமல் சொன்னார்.

என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிள்ளைக்குக் காய்ச்சல்னா நான் என்ன செய்யப்போறேன்? போட்டது போவட்டும். வெள்ளத்துக்குள்ள நான் இறங்கச்சில கரையில நின்னு பாத்தியே, அப்பமாவது சொல்லப்பிடாதா?”

எட்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த எட்டு நாளும் இருவரும் பழையபடி நனைந்தோம். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தனியாகத் திறந்தார். மீன்குழம்பு வாசனை மட்டும் என் பக்கம் வரும்.

ஒன்பதாம் நாள் காலையில் ஒரு சிரட்டையோடு வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரிடம் கேட்டு வாங்கிய ரப்பர் பால்.

“ஏட்டி, இங்ஙன பிடி.”

நான் தையலை இழுத்துப் பிடித்தேன். பழைய பல்துலக்கும் பிரஷால் பாலை மெல்லிசாகப் பூசினார். காய விட்டு மறுபடி ஒன்று. சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, பசை தடவி மேலே ஒட்டினோம். ஓரங்களில் மறுபடி பால். நாற்றம் தலையைச் சுற்றியது. இரண்டு நாள் நிழலில் விட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றிப் பலாமரக் கிளையில் தொங்கவிட்டு, கீழே ஒரு செய்தித்தாளை விரித்தோம். சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தபோது தாளில் ஒரு சொட்டு இல்லை.

“கொள்ளாம், நல்லா பிடிச்சிருக்கு” என்றார் அக்கா. அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. அன்று மத்தியானம் அவருடைய குழம்பு என் சோற்றில் விழுந்தது.

இன்னும் மூன்று வருடம் அந்த உடுப்பு எங்களைக் காத்தது. ஒட்டுமேல் ஒட்டாக இடது காலின் நிறமே மாறிப்போனது. வேறு எந்த வேலையிலும் ஒரு பொருளை இன்னொருத்தியோடு சேர்ந்து அப்படிப் பார்த்துக்கொண்டது இல்லை. இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ஏசிக்குள் நிற்கிறேன். கால் நனைவதே கிடையாது.

அந்த மூன்றாம் வருடக் கடைசியில் முதலாளி பிள்ளைகளோடு வெளிநாடு போக முடிவு செய்து நிலத்தை விற்றார். கடைசி நாள் பெரிய குளத்தை வற்றவைத்தார்கள். கணுக்கால் அளவு சேறு மட்டும் மிச்சம். அதில் திலாப்பியாக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஆண்கள் கூடையோடு இறங்கினார்கள். அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ரப்பர் உடுப்பை உத்தரத்திலேயே விட்டுவிட்டு, சுடிதாரை முட்டுவரை ஏற்றிச் செருகிக்கொண்டு இரண்டு பேரும் வெறுங்காலோடு இறங்கினோம். கையால் அமுக்கிப் பிடிக்கப் போய் அக்கா சறுக்கி உட்கார்ந்துவிட்டார். தூக்கப்போன நானும் விழுந்தேன். எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம்.

அன்று பங்காகக் கிடைத்த மீனோடு, சேறு காய்ந்த சுடிதாரோடு, பஸ்ஸில் பின்னால் நின்றபடியே போனோம். மார்த்தாண்டத்தில் அவர் தேங்காப்பட்டணம் பஸ்ஸுக்கு மாற வேண்டும். இறங்கும்போது, “மீன இன்னைக்கே வறுத்திரு, நாளைக்கு ஆவாது” என்று மட்டும் சொன்னார்.