வெள்ளத்தில் இறங்கிய மோட்டார்

“யூனிவர்சிட்டியில படிச்சா தண்ணியோட ஆழம் தெரிஞ்சிருமா, அண்ணி?” என்று கேட்டார் என் கணவரின் மோட்டார் சைக்கிள் குழுத் தலைவர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளியில் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அதைக் கேலி செய்தால் எனக்குப் பொறுக்காது. ஆனால் அன்று வெள்ளத்தில் இறங்க வேண்டாம் என்று நான் சொன்னதற்குப் படிப்பே தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

எங்கள் ஊரான லாபிஸிலிருந்து தேசாரு கடற்கரையில் நடந்த மோட்டார் சந்திப்புக்கு நானும் கணவரும் ஒரே மோட்டாரில் அந்தக் குழுவோடு போய்க்கொண்டிருந்தோம். கோத்தா திங்கியைத் தாண்டியதும், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மழைத் தண்ணீர் சாலையை மூடி ஓடியது. ஓரத்துத் தடுப்புக் கம்பி பாதி முழுகியிருந்தது.

“வேணாங்க, வடியட்டும்,” என்றேன்.

“எல்லாரும் போறாங்க. நான் மட்டும் நின்னா அசிங்கமா இருக்கும் லா,” என்றார் கணவர்.

நான் மோட்டாரிலிருந்து இறங்கிவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். பாதி வழியில் மோட்டார் சாய்ந்தது. தண்ணீர் அவரை ஓரத்துக்கு இழுத்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கினார். எதிரே நின்ற லாரிக்காரர் கயிறு வீசி இழுத்திருக்காவிட்டால் இன்று நான் விதவை.

தண்ணீர் வடிந்தபின் மோட்டாரைத் தூக்கி ஓடவைத்து, சந்திப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே, “அண்ணே நல்லா நீச்சல் அடிச்சாரு,” என்று தலைவர் கதை சொன்னார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். நான் தனியாகப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதவர் பின்னால் இனி நான் உட்காருவதில்லை, அது கணவராக இருந்தாலும் சரி. அவரிடமும் சொல்லிவிட்டேன். மோட்டார் லைசன்ஸ் வகுப்பில் சேர்ந்து, சென்ற சனிக்கிழமை முதல் பாடத்தையும் முடித்துவிட்டேன்.