அக்கா நடத்திய சாரணியர் படை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவர் உறவுக்காரர். போடிநாயக்கனூரில் பாதிப்பேருக்கு அவர் ‘சாரணியர் டீச்சர்’. அவருடைய ஒரே தங்கையான நான், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ராசிங்காபுரத்தில். அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தோட்டம். மழை பொய்த்த ஆண்டுகளில் அம்மாவும் அக்காவும் அடுத்தவர் காட்டுக்குக் களையெடுக்கப் போனார்கள். அப்படியும் அக்கா பள்ளியை விடவில்லை. மதுரையில் ஆசிரியப் பயிற்சி படித்தபோதுதான் முதன்முதலாகச் சாரணியர் சீருடை அணிந்தார். எழுபதுகளின் நடுவில் போடியில் பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியையாகச் சேர்ந்ததும், அங்கே ஒரு சாரணியர் படையை அனுமதி கேட்டுத் தொடங்கினார். அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நானும் அதில் சேர்ந்தேன்.

இயக்கத்தின் கதையை எங்களுக்கு அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. "மொதமொத இது ஆம்பளப் பிள்ளைகளுக்குன்னுதேன் ஆரம்பிச்சாக. அவுக அணிவகுப்புல கூப்புடாமலே போயி, எங்களையும் சேத்துக்கிருங்கன்னு நின்னதுக பொம்பளப் பிள்ளைக. நம்ம நாட்டுக்கு வந்தப்பவும் மொதல்ல வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுந்தேன். பெறகுதேன் நமக்குக் கதவு தெறந்துச்சு. யாரும் வெத்தல பாக்கு வச்சு அழைக்கல. கேட்டு வாங்குனது."

வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலை பள்ளி மைதானத்தில் கூடுவோம். வெளிர்நீலச் சீருடை, கழுத்தில் ஸ்கார்ப், மூன்று விரல் வணக்கம். முடிச்சுகள் போடவும், காயத்துக்குக் கட்டுக் கட்டவும், கூடாரம் அடிக்கவும் கற்றோம். மைதானத்துக்குள் இருந்தவரை யாருக்கும் ஆட்சேபனை இல்லை. குரங்கணியில் முகாம் என்று அறிவித்ததும்தான் பேச்சு கிளம்பியது. வயசுக்கு வந்த பெண்களை மலையில் தங்க வைப்பதா என்றார்கள். அக்கா ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, பெற்றோரிடம் பேசிச் சம்மதம் வாங்கினார்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு ஒரு நல்ல இடத்துச் சம்பந்தம் கூடி வந்தது. முகாமின் முதல் நாளே பூ வைக்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

"ஏத்தா, கல்யாணம் ஆகப்போற பொண்ணு மலையேறக் கூடாதுன்னு அவுக சொல்லுறாக. அந்தச் சோலிய நிப்பாட்டிரு" என்றார் அப்பா.

"அவுகள வேற நாளு வரச் சொல்லுங்கப்பா. என்னைய நம்பித்தேன் பிள்ளைகள அனுப்புறாக. நானே வரலேன்னா அடுத்து எவுக அனுப்புவாக?"

அன்றிலிருந்து அப்பா அக்காவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். அக்கா வீட்டில் அழுததை நான் பார்த்தேன். மறுநாள் காலை சீருடைப் புடவை கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்பே பஸ் நிலையத்தில் நின்றார்.

குரங்கணியில், காபிக்கொட்டை காயப்போடும் களத்தில் கூடாரம் அடித்தோம். இரண்டு மூங்கிலையும் கம்பளியையும் வைத்துத் தூக்குப் படுக்கை கட்டும் பயிற்சி அங்கே நடந்தது. மறுநாள் காலை மழை விட்டிருந்த நேரத்தில், மேலே ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஓர் அம்மாள் ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, எம்மருமகளுக்கு நேத்துப் பிடிச்சு வலி. பிள்ள எறங்க மாட்டேங்குது. மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. ஆம்பளைக பூராம் அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் போயிட்டாக. தூக்கியார நாதி இல்ல தாயி!"

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "யாரு யாரு வர்றீக? பயமா இருக்கவுக இங்கனயே இருங்க. தப்பில்ல."

முதலில் மூங்கிலைத் தூக்கித் தோளில் வைத்தவள் எங்கள் அணித்தலைவி பாண்டியம்மாள். தோட்டத் தொழிலாளியின் மகள். உறவினர் வீட்டில் தங்கிப் போடியில் படித்துக்கொண்டிருந்தவள். நானும் போனேன். லயத்திலிருந்து அந்தப் பெண்ணைப் படுக்க வைத்துத் தூக்கி வந்தபோது பாதையெல்லாம் சேறு. ஓடையில் முழங்கால் அளவுத் தண்ணீர். ஒருத்தி வழுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். அவள் விழும்போதே இன்னொருத்தி மூங்கிலைத் தாங்கிவிட்டாள். அந்தப் பெண் கத்தும்போதெல்லாம் எங்களுக்கு அழுகை வந்தது. அக்கா அவர் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தார். "இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கீழே ஒரே ஒரு ஜீப் நின்றது.

"லோடு ஏத்திட்டேனே டீச்சர்" என்றார் ஓட்டுநர்.

"எறக்குங்க அண்ணே" என்றார் அக்கா. அவர் யோசிப்பதற்குள் நாங்களே காபி மூட்டைகளை இறக்கத் தொடங்கிவிட்டோம்.

போடி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ஊர் மெச்சும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. கன்னிப் பிள்ளைகளைப் பிரசவத்துக்குத் தூக்க வைத்த டீச்சர் என்று கடைவீதி முழுக்கப் பேச்சானது. மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தலைமையாசிரியை பெற்றோர் கூட்டம் கூட்டினார். படையைக் கலைத்துவிட வேண்டும் என்பதுதான் அங்கே வந்தவர்களின் எண்ணம்.

"சின்னப் பிள்ளைகளப் படிக்க அனுப்புனமா, பிரசவம் பாக்க அனுப்புனமா?" என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. "கூட்டிட்டுப் போனது நான்தேன். இன்னொரு பொண்ணு அப்பிடிக் கெடந்தாலும் தூக்கத்தேன் செய்வேன்" என்றார்.

சத்தம் கூடியது. அப்போது வாசலருகே நின்றிருந்த பாண்டியம்மாள் உள்ளே வந்தாள்.

"ஐயா, நான் பொறந்ததே ஏலக்காட்டு லயத்துலதேன். எந்தம்பி பொறந்தப்ப எங்காத்தாவுக்கு வெந்நி வச்சுக் குடுத்தது நான்தேன். அப்ப எனக்கு எட்டு வயசு. அப்ப யாரும் சின்னப்பிள்ளன்னு சொல்லலையே. இப்ப மட்டும் எதுக்குச் சொல்றீக?"

தலைமையாசிரியை எழுந்து, "விருப்பமில்லாதவர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ளலாம். படை இருக்கும்" என்றார்.

பாதிப்பேர் நிறுத்திக்கொண்டார்கள். மீதி இருந்தவர்களை வைத்து அக்கா அடுத்த வெள்ளிக்கிழமையே அணிவகுப்பு நடத்தினார். மறு ஆண்டு குரங்கணியிலிருந்தும் போடிமெட்டுப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பெற்றோர் தாங்களாகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்பா ஒருநாள் தோட்டத்து மூங்கில்களை வெட்டிச் சீவி, வண்டியில் ஏற்றிப் பள்ளி வாசலில் இறக்கினார். "கணுவெல்லாம் வழவழன்னு சீவிருக்கேன், தோள்ல உறுத்தாது" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அக்காவிடம் பேசியது அதுதான்.

அக்கா அதன்பின் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் கோபப்படுவார். "எனக்குப் பிடிச்சதச் செஞ்சேன்" என்பார். எண்பதுகளில் அவருடைய பிள்ளைகள் லயங்களில் தடுப்பூசி முகாம்களுக்குத் துணை நின்றார்கள். தொழிலாளிப் பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுத் தந்தார்கள். தேசிய முகாமுக்காக ரயிலேறி வடக்கே போனார்கள். மலையை விட்டு இறங்கியே இராத பிள்ளைகள் மொழி தெரியாத பிள்ளைகளோடு கூடாரம் அடித்துவிட்டு வந்தார்கள்.

சிறுநீரகக் கோளாறு கண்டபோது அக்காவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் கடைசி நாள்களில் பேசவே சிரமப்பட்டார். அதே பள்ளியில் ஆசிரியையாகிவிட்ட பாண்டியம்மாள் பார்க்க வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமதான? பிள்ளைக நிப்பாக. பஸ்ச விட்றாத, போ" என்றார் அக்கா. அவள் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா இல்லை.

அக்காவின் நோயில் கைகொடுத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த மதுரை உறவினர்களுக்கும், காரியங்களில் உடனிருந்த ராசிங்காபுரத்து மக்களுக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய ஒவ்வொரு பெற்றோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இந்த ஆண்டு முகாம், அக்காவின் நினைவு நாளிலேயே வந்துவிட்டது. தள்ளிவைக்கட்டுமா என்று பாண்டியம்மாள் கேட்டாள். அப்பாதான் வேண்டாம் என்றார். ஆகவே, இன்று பந்தலில் சாரணியர் பிள்ளைகளைக் காணோமே என்று யாரும் குறைப்பட வேண்டாம். அவர்கள் குரங்கணியில் இருக்கிறார்கள்.